சலேத்தம்மாள் படுத்தால்

சலேத்தம்மாள் படுத்தால் அவள் வீடும் படுத்துவிடும். கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் அதைச் சொல்லி, சாய்ந்து தூங்க ஒரு நாற்காலியும் கொடுத்திருந்தார். இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. அப்போதெல்லாம் கணவர் மிக்கேல் கட்டில், பீரோ, சட்டி பானை எல்லாவற்றையும் கோயில் மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு, அவள் எழும்பும்வரை தெருவில் காத்திருப்பார்.

பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தே தூங்கியதில் இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட முடியவில்லை. நின்றபடி செபமாலை சொல்வது, விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கைரோபிராக்டர் பொன்னுதுரை இருந்தார். மருந்து, ஊசி கிடையாது. முதுகெலும்பைக் கையாலேயே அழுத்திச் சரிசெய்கிறவர். தொடுவதற்கு முன்னால் அரைமணி நேரம் கேள்வி கேட்டார்.

"கால் மரத்துப் போகுதாம்மா? ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போகுதா? எங்கேயாவது விழுந்தீங்களா?"

"அதெல்லாம் இல்ல ஐயா. வலி மட்டுந்தான்."

"அதெல்லாம் இருந்தா நான் கை வைக்க மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்."

எக்ஸ்ரேயில் முதுகெலும்போடு இரண்டு தூணும் ஒரு உத்திரமும் விழுந்திருந்தன. அவர் தூண்களை விட்டுவிட்டு எலும்பை மட்டும் பார்த்தார். எலும்பு தேயவில்லை, தாராளமாகச் செய்யலாம், வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து குப்புறப் படுக்க வேண்டும் என்றார்.

"குப்புறவா?" என்றார் மிக்கேல். "மல்லாக்கன்னா பின்பக்கம் சாயும். குப்புறன்னா தெருப்பக்கம்லா சாயும்." எதிர்வீட்டு ஞானப்பூவிடம் போய்க் கேட்டார்.

"படுக்கட்டும் அண்ணாச்சி. வத்தல் காயப்போட்டிருக்கேன், அதை எடுத்துக்கிடுதேன்" என்றாள் ஞானப்பூ. "உங்க வீடு ஒருநாளாவது மூஞ்சியைக் கவுத்திக்கிட்டுக் கிடக்கட்டும். எப்பம் பாத்தாலும் எங்க அடுப்பங்கரைக்குள்ளயே எட்டிப் பாக்குது."

வியாழக்கிழமை சலேத்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு படுத்தாள்.

"சத்தம் கேக்கும்மா. எலும்பு உடையுற சத்தமில்ல, மூட்டுக்குள்ள இருக்கற காத்துச் சத்தம்" என்று சொல்லிவிட்டு அவர் முதல் அழுத்து அழுத்தினார். இரண்டாவது அழுத்தின்போது அவள் போன் அடித்தது. அவரே எடுத்து அவள் காதில் வைத்தார்.

"ஏ சலேத்து, வீடு ஞானப்பூ மதில்ல முட்டிக்கிட்டு நிக்கி. மதில் முனகுது. எந்திரிச்சிரு தாயி" என்றார் மிக்கேல்.

"பாதியிலே எந்திரிச்சா நீங்களும் வீடும் கோணலாவே நின்னுருவீங்க" என்றார் பொன்னுதுரை.

ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ செபம் சொல்லும் நேரம் அவள் யோசித்தாள்.

"முப்பத்தொரு வருஷம் நான் தாங்குனேன். அரைமணி நேரம் அந்த மதில் தாங்கட்டும். நீங்களும் கொஞ்சம் தோள் குடுங்க" என்றாள்.

மூன்றாவது அழுத்தில், கொத்துச் சாவியைக் கீழே போட்டது போல ஒரு சத்தம் கேட்டது. இரண்டு நாள் உடம்பு உளைச்சலாக இருக்கும், இன்னும் நாலு தடவை வரணும், காலையிலும் மாலையிலும் பூனை மாதிரி முதுகை வளைக்கிற பயிற்சியை விடக்கூடாது என்று சொல்லி அவளை எழுப்பிவிட்டார்.

அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது வீடு நிமிர்ந்து நின்றது. மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிக்கேல் தோளைத் தடவிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுக்கு மேல புதுசா மாடி ஒண்ணு நிக்கி" என்றார்.

"நிக்கட்டும். சாமான எடுத்து வைங்க" என்று உள்ளே போய், மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். வலி இல்லை. வீடும் ஒரு முழம் பதமாக இறங்கி நின்றது.

செபமாலையின் கடைசி மணியைச் சொல்லி முடித்தபோது, மாடிப்படியில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து, குனிந்தபடியே இறங்கி வந்தாள்.

"அக்கா, நான் மேல்வீடு. இவ்வளவு காலமும் குனிஞ்சே பொழங்கிட்டோம், முதுகு போச்சு. அந்த டாக்டர் எங்க இருக்காரு?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. நீங்க படுத்தா எது படுக்கும்?"

"லைட் ஹவுஸு, அக்கா."

"அப்பம் காலையிலேயே போயிருங்க" என்றாள் சலேத்தம்மாள். "பொழுது சாஞ்சா கடலுக்குப் போன போட்டெல்லாம் திரும்பி வரும்."