பட்டியலில் இல்லாத பெயர்

அலெக்ஸாந்திரியாவில் ஆம்புலன்ஸ்களுக்கு வழிகாட்டும் மென்பொருள் எழுதுகிற பதினோரு பேரில் நானும் ஒருவன். அன்று பழைய கணினிகளில் இருப்பதையெல்லாம் அழித்துத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும் நாள். எங்களில் ஒருவனான லுத்ஃபியுடையது மட்டும் பாக்கி. அவனுக்கோ காலையில்தான் பித்தப்பையில் அறுவை சிகிச்சை, மயக்கத்தில் கிடந்தான்.

"அவனைக் கேக்கவே வேணாம்," என்றாள் எங்கள் குழுவின் ராண்டா.

அவளே எழுதிய கருவி ஒன்று இருந்தது. கறுப்புத் திரையில் ஒரு சொல் தட்டினால், கணினியிலுள்ள எல்லா நிரல் களஞ்சியங்களையும், அதாவது நிரல்கள் இருக்கும் ஃபோல்டர்களையும், துழாவிப் பட்டியல் போடும். நகல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது பச்சை. இங்கேயே தங்கிவிட்டது, துடைத்தால் அழிந்துபோவது, சிவப்பு.

எல்லாமே பச்சை. திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, ராண்டா துடைக்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள். துடைக்க வந்த பிஷோய் வேலையைத் தொடங்கினார்.

நான் படத்தை இரண்டு முறை பார்த்தேன்.

"ராண்டா, 'சாலை அடைப்பு' களஞ்சியம் பட்டியல்ல எங்க? லுத்ஃபி ரெண்டு வாரமா அதுலதானே உக்காந்திருந்தான்?"

அவள் முகம் வெளுத்தது. "திறக்க முடியாத ஃபோல்டர் வந்தா தாண்டிப் போன்னு நான்தான் எழுதினேன்... ஒரு வார்த்தைகூடச் சொல்லாம தாண்டியிருக்கு. பிஷோய் அண்ணே, நிறுத்துங்க!"

"நடுவுல நிறுத்தினா டிஸ்க்கே போயிடும், எஞ்சினியரம்மா. கையெழுத்து போட்டது நீங்கதானே?"

திரையில் நான்கு சதவீதம். ஐந்து. ராண்டா மேசைக்கடியில் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

பிஷோய் முணுமுணுத்துக்கொண்டே டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினார். "என் பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நான் இப்படி மூச்சைப் பிடிச்சதில்ல," என்றார். யாரும் சிரிக்கவில்லை. மூன்று மணி நேரம் போராடி, பூட்டிக் கிடந்த அந்தக் களஞ்சியத்தை மீட்டார். இரண்டு கோப்புகள் மட்டும் போனது போனதுதான்.

மறுநாள் மாலை மருத்துவமனைக்குப் போனோம். ராண்டா எதையும் மறைக்கவில்லை. "என் கருவியை நம்பி உன் உழைப்பை அழிக்கப் பார்த்தேன், லுத்ஃபி. ரெண்டு கோப்பு போயிடுச்சு. மன்னிச்சிடு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ரெண்டு வாரமா சர்வருக்கு அனுப்பாம பூட்டி வெச்சவன் நான்," என்றான். "அரைகுறையா இருக்கே, நீ பாத்தா கிண்டல் பண்ணுவியேன்னுதான்."

"பண்ணியிருப்பேன்."

"சிரிக்க வைக்காத, தையல் இழுக்குது. பேனா இருக்கா? அந்த ரெண்டு கோப்புல இருந்ததை இப்பச் சொன்னாத்தான் உண்டு, நாளைக்கு மறந்துடும்."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், செவிலி வந்து எங்களை விரட்டும்வரை.