முதுகு பார்த்த கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதை மறைக்க நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. இன்னொன்றில் நான் ஊரிலேயே இல்லை.

2

எங்கள் மாடி அறையில் தனியாகக் குடியிருந்தவளைக் கட்டடமே 'கம்பிக்காரி' என்றுதான் கூப்பிடும். மின்கம்பி போகும் பாதையை நடந்தே சோதிப்பது அவள் வேலை. கம்பியை உரசும் கிளைகளுக்குச் சிவப்பு அடையாளம் வைப்பாள். இடுப்பளவு புல், புல்லெல்லாம் உண்ணி. கூட வேலை பார்த்த ஒருவர் போன வருடம் உண்ணிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து அவள் எடுக்காத முன்னெச்சரிக்கை இல்லை. ஊர்வது கண்ணில் படட்டும் என்று வெளிர் நிற முழுக்கைச் சட்டை போடுவாள். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பூச்சி விரட்டும் மருந்து தடவிக்கொள்வாள். வீடு வந்ததும் முதல் வேலை குளியல். அக்குள், காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பு என்று கண்ணாடி வைத்துத் தேடுவாள்.

(இந்தப் பத்தி சுகாதாரத் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், யாருக்காவது உதவும்.)

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்கு அது பழமொழி இல்லை, அன்றாடத் தலைவலி.

3

ஒரு சாயங்காலம் ஈரத் தலையோடு கதவைத் தட்டினாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. முதுகை ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா? தோள்பட்டைக்குக் கீழ என்னமோ உறுத்துது."

"இப்பவா?"

"ரெண்டே நிமிஷம்கா. இருந்தா, இந்த இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. நசுக்கிடாதீங்க. எண்ணெய், நெருப்பு எதுவும் வேணாம்."

சட்டையைத் தூக்கினேன். எள்ளளவு கறுப்பாக ஒன்று இருந்தது.

[அடித்த வரி: அது மச்சம் என்றே நம்பினேன்.]

நம்பவில்லை. அதற்குக் கால்கள் இருந்தன. தொட்டால் என் விரலில் ஏறிவிடும், விரலிலிருந்து... உடம்பெல்லாம் கூசியது.

"ஒண்ணும் இல்லைம்மா."

"அப்பாடா! நீங்க பார்த்துட்டீங்க, போதும்" என்று சிரித்துக்கொண்டே படியேறினாள். நான் மூன்று முறை கை கழுவினேன்.*

* நான்கு முறை.

4

ஒன்பதாம் நாள் அவளுக்கு நெருப்பாய்க் கொதித்தது. நான்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

"பூச்சி ஏதாவது கடிச்சுதா?" என்று மருத்துவர் கேட்டார்.

"இல்ல டாக்டர். அக்கா பார்த்தாங்க."

இங்கே கதைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்றில் நான் வாயைத் திறக்கவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை எழுதித் தருகிறார்கள். நான்காம் நாள் மாடியில் கதவைத் தட்டுகிறேன், உள்ளேயிருந்து

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது.)

நடந்தது மற்றொன்று. சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டோம். அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். சூடு என் சட்டையைத் தாண்டிச் சுட்டது. திரும்பினேன்.

"டாக்டர், இருந்துச்சு. நான் பார்த்தேன். பயந்துபோய்ச் சொல்லலை."

என் தோளிலிருந்து அவள் தலை விலகியது.

மருத்துவர் அவளைத் திரும்பி உட்காரச் சொன்னார். உண்ணி எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. அப்போதே மருந்தை மாற்றினார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

5

பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்ட அன்று, கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"பயமா இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் வேற யாரையாவது கூப்பிட்டிருப்பேனேக்கா. அதைச் சொல்றதுக்கு என்ன பயம்?"

நான் சொன்ன பதிலை இந்த இடத்தில் ஆறு விதமாக எழுதி, ஆறையும் அடித்துவிட்டேன். ஒன்றில் நான் அழுதேன், அது ரொம்ப மோசம். இனி உங்கள் பாடு. கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.

"..........................................."

சீக்கிரம். அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.