வலிக்காத கடி

என் மனைவி மரியம் பீவிக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். அவள் பேசாவிட்டால் நானும் ஏன் என்று கேட்கமாட்டேன். இருபது வருடம் இப்படியே ஓட்டிவிட்டோம். 2006 ரமலானில் அந்த வீம்பு அவள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

பழவேற்காட்டில் எங்களுக்கு மீன் வியாபாரம். அன்று மதியம் கூடையில் கொட்டிய இறாலோடு ஒரு கடல்பாம்பும் வந்து விழுந்தது. துடுப்பு மாதிரித் தட்டையான வால். கடலில் அது ராஜா. தரையில் ஒரு சாண் ஊர்ந்து போகத் தெரியாது. மூச்சுவிடத் தண்ணீருக்கு மேலே வந்தே ஆகவேண்டிய ஜீவன், வலையில் மாட்டிப் பாதி செத்திருந்தது. ஆட்கள் கட்டையை எடுத்தார்கள்.

"பாவம்ங்க, நோம்பு நாளு. தண்ணில உட்டுட்டு வர்றேன்," என்றாள் மரியம்.

ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சல்.

"தண்ணிப் பாம்பு ஒண்ணும் பண்ணாது. கடாசிட்டு வேலையப் பாரு," என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தேன். அவள் அதைக் கையில் ஏந்திப்போய் விட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். நடிப்பு என்று நினைத்தேன். நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். நான் கஞ்சி குடித்தேன். அவள் கிண்ணத்தைத் தொடவில்லை. கோபத்தைக் கஞ்சியில் காட்டுகிறாளாக்கும் என்று இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டேன்.

ஆனால் மரியம் என்மேல் கோபப்படுவாளே தவிர நோன்பின்மேல் கோபப்படமாட்டாள். அது உறைத்ததும் திரும்பிப் பார்த்தேன். பேரீச்சம்பழத்தைப் பல்லில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணீர் வழிந்தது. விரலைக் காட்டினாள். முள் குத்தியதுபோல இரண்டு புள்ளிகள். இறால் கொம்பு என்று விட்டுவிட்டாளாம், பிற்பாடு சொன்னாள்.

பொன்னேரிக்கும் அங்கிருந்து சென்னைக்கும் வேனில் பறந்தோம். கடல்பாம்பு கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. விஷம் சதையை இறுக்கி, தாடையைப் பூட்டி, கடைசியில் கிட்னியைப் பிடிக்கும் என்றார் டாக்டர். அது லேசில் கடிக்காதாம். மூச்சுத் திணறிய பயத்தில் கடித்திருக்கும் என்றார். பாம்பின்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒன்றும் பண்ணாது என்று சொன்னது நான்தான்.

டயாலிசிஸ் செய்தார்கள். ஐந்தாம் நாள் அவள் வாய் ஒரு விரற்கடை திறந்தது. திட்டப்போகிறாள் என்று காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க," என்றாள்.

இப்போதெல்லாம் அவள் பேசாமல் இருந்தால் கேட்டுவிடுகிறேன். பாதி நாள் திட்டுத்தான் கிடைக்கிறது. கிடைக்கட்டும்.