செயற்கை வறட்சி

வறட்சியை உருவாக்க எனக்கு நிதி ஒதுக்கியிருந்தார்கள். அதே வறட்சியை இரண்டு மாநிலங்களும் ஒரு நீதிமன்றமுமாகச் சேர்ந்து, 1995இல், முத்துப்பேட்டைக் காவிரிக் கடைமடை முழுவதற்கும் இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தது என் ஆய்வுத் திட்டத்தில் இடம்பெறவில்லை.

கமருன்னிஸா அக்காவின் நெல் வயலில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி நடுவே வரப்பு போட்டேன். ஒரு பாதிக்கு, நான் கூலிக்கு அமர்த்திய ராஜாத்தியக்கா தினமும் கைப்பம்பிலிருந்து இருபது குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மறு பாதிக்கு ஒரு சொட்டும் கிடையாது. மழை பட்டுவிடக் கூடாதென்று அதற்குப் பாலிதீன் கூரை வேறு. அதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். "எந்த மழைம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தாகத்தில் இருக்கும் செடி, வேர் வழியாகக் கசியவிடும் சத்தை மாற்றிவிடும். அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறும். சில அழிந்துபோகும். சில தாக்குப்பிடித்து, வேரைச் சுற்றிப் பசைபோல ஒன்றைச் சுரந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். எது போயிற்று, எது தங்கியது என்று எண்ண வேண்டும். எண்ணிக்கையைப் பத்து நாளில் அமெரிக்கப் பேராசிரியரிடம் காட்டினால் அவருடைய ஆய்வகத்தில் எனக்கு ஓர் இடம். காட்டாவிட்டால் சித்தப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. அவருக்கு என்னை எப்போது வேண்டுமானாலும் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள். "காஞ்ச பாதியில பன்னெண்டு செடி எடுத்து வைங்கக்கா" என்று ராஜாத்தியக்காவிடம் சொல்லிவிட்டு, மாதிரிகளைக் குளிரில் வைக்க மீன் ஐஸ் வாங்கப் போனேன். திரும்பியபோது வரப்பில் பன்னிரண்டு செடிகளும் முடிச்சுப் போட்டுப் படுத்திருந்தன. வேர்கள் வெள்ளை வெளேரென்று, கல்யாணத்துக்குக் குளித்துவிட்டு வந்தவை மாதிரி இருந்தன.

"மண்ணு எங்கக்கா?"

"அலசிட்டேன் பாப்பா. சேத்தோட எவளாச்சும் கட்டு கட்டுவாளா?"

"எப்படிப் பறிச்சீங்க? தரை பாறையால்ல இருந்துச்சு?"

"நாலு குடம் ஊத்தி ஊற வச்சேன். காஞ்ச தரையில இழுத்தா வேர் அறுந்துரும்ல?"

முப்பது வருடம் நாற்றுப் பறித்த கை. தண்ணீர் விட்டு ஊற வைத்து, பறித்து, காலில் தட்டி, அலசி, கட்டி வைத்துவிட்டது. வேரில் மண் ஒட்டியிருந்தால் அவருக்குக் கூலி கேட்கவே கூச்சமாம். என் ஆராய்ச்சி முழுக்க அந்த மண்தான். குடத்தின் அடியில் கலங்கிக் கிடந்தது. காய்ந்த பாதியில் மிச்சமிருந்த செடிகளோ இருபத்திரண்டு நாள் தாகமும் தீர்ந்து நிம்மதியாக நின்றன.

நான் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அமெரிக்கா மீன் வாடை அடித்தது.

கமருன்னிஸா அக்கா வந்து பார்த்தார். "ஏன் மோகனா, காஞ்ச செடிதானே வேணும்? கூரையை விட்டு வெளிய வந்து பாரேன்."

"அது எப்படிக்கா? ஒரே ரகமா இருக்கணும், ஒரே நாள் நட்டதா இருக்கணும். கடைசித் தண்ணி என்னிக்குன்னு தேதி வேணும்."

"உன்னுது எங்க நாத்தங்கால்லேர்ந்து எடுத்ததுதானே? அன்னிக்கேதானே நட்டோம்? தேதிக்கு வீட்டுக்கு வா."

சமையலறைச் சுவரில் நகைக்கடைக் காலண்டர். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாட்களுக்குச் சிவப்பு வட்டம். சவூதியில் தம்மாமிலிருந்து கணவர் அப்துல் அஜீஸின் கடிதம் வந்த நாட்களுக்கு நீலம். எண்ணிப் பார்த்தேன். கடைசிச் சிவப்புக்குப் பிறகு இருபத்து மூன்று நாள்.

"நீலமும் அன்னிக்கேதான் நின்னுருக்கு?"

"ரெண்டும் மேலேர்ந்து திறந்து விட்டாதானே வரணும்" என்றார்.

வெடித்துக் கிடந்த வயலில், இந்த முறை நானே மண்வெட்டியால் பாளம் பாளமாகப் பெயர்த்தேன். ராஜாத்தியக்கா குடத்தோடு வந்தார். "லேசா நனைச்சுக்கறியா பாப்பா?" குடத்தைப் பிடுங்கி என் பின்னால் வைத்துக்கொண்டேன். வேரோடு மண்ணையும் பைகளில் போட்டு, அச்சடித்து வைத்திருந்த சீட்டுகளை எடுத்தேன். 'செயற்கை வறட்சி' என்றிருந்தது. பன்னிரண்டிலும் முதல் வார்த்தையை அடித்தேன்.

"எண்ணி முடிச்சதும் எனக்கும் சொல்லு" என்றார் கமருன்னிஸா அக்கா, தன் வயலில் விழுந்த பன்னிரண்டு குழிகளைப் பார்த்தபடி. "காஞ்சப்புறமும் இங்க தங்கினது எத்தனைன்னு அவருக்கு எழுதணும்."