ஊரறிந்த கனவான்

தூத்துக்குடித் துறைமுகத்தில் நயினார் முதலாளியின் கப்பல் ஏஜென்சி ஆபீசுக்கு, யுத்தம் முடிந்த மறு வருஷம், பம்பாயிலிருந்து தடித்தடியாக உறைகள் வரத் தொடங்கின. எல்லாம் இளைய குமாஸ்தா ரோச்சின் பெயருக்கு. தபாலில் பாடம் அனுப்பி, தபாலிலேயே விடை திருத்தி, கடைசியில் வணிக டிப்ளமோ தரும் கல்லூரி ஒன்றில் அவன் சேர்ந்திருந்தான். வாத்தியார் முகத்தை அவன் பார்த்ததில்லை. அவன் முகத்தை வாத்தியாரும் பார்த்ததில்லை. இருவருக்கும் அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

குறை தலைமைக் குமாஸ்தா பொன்னுதுரைக்குத்தான். உறை வரும் நாளில் அவருக்குச் சோறு இறங்காது. காலியாகக் கிடந்த மானேஜர் நாற்காலியைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "ரோச் பாஸாயிட்டு வரட்டும். பட்டம் உள்ளவன் உக்காந்தாத்தான் கப்பல்காரன் மதிப்பான்."

"தபால்ல வாரதெல்லாம் படிப்பா வே? பல்பொடியும்தான் தபால்ல வருது" என்று ஆபீசில் சிரித்தார் பொன்னுதுரை. அந்த வாரமே வீட்டு முகவரி கொடுத்து, அதே கல்லூரியில், அதே பாடத்தில் ரகசியமாகச் சேர்ந்தார். ரோச்சை எட்டிப்பிடிக்க ராப்பகலாகப் படித்தார். பாதிப் பாடத்தைப் பம்பாய் நடத்தியது. மீதியை வயிற்றெரிச்சல் நடத்தியது.

"ஒங்களுக்குப் பட்டம் வேணுமா, இல்ல அந்தப் பயலுக்குக் கிடைக்கப்படாதா?" என்று மனைவி சீனித்தாய் கேட்டாள்.

"ரெண்டுந்தான். ஒஞ் சோலியப் பாரு."

பரீட்சைக்கு ஒரு விதி இருந்தது. மாணவன் குறிப்பிடும் 'ஊரறிந்த கனவான்' ஒருவருக்கு அரக்கு முத்திரையோடு வினாத்தாள் வரும். அவர் எதிரே உட்கார்ந்து எழுத வைத்து, உதவி எதுவும் செய்யவில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். தூத்துக்குடிக்குத் தெரியக்கூடாதென்று பொன்னுதுரை சாயர்புரத்து ஹெட்மாஸ்டர் ஒருவர் பெயரைக் கொடுத்திருந்தார்.

ரோச் பொன்னுதுரையின் மேஜை முன்னால் வந்து நின்றான். "அண்ணாச்சி, கோயில் சாமியாரைப் போடுன்னு வீட்ல சொன்னாவ. எனக்கு ஒங்களை விட்டா யாரும் தோணல. ஒங்க பேரை எழுதிட்டேன்."

"கனவான்னா போட்டிருக்கு?"

"அச்சடிச்சே போட்டிருக்கான் அண்ணாச்சி."

"சரிலே, வாரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு பரீட்சையும் ஒரே நாள், ஒரே நேரம். தேடினால் பொய்க் காரணம் ஒன்று கிடைத்திருக்கும். தேடவிடாமல் வேறோர் ஆசை தடுத்தது. ரோச் திணறுவதைக் கண்ணாரப் பார்க்கலாமே. தம் பரீட்சையை அடுத்த தடவை எழுதிக்கொண்டால் போயிற்று.

ரோச் திணறத்தான் செய்தான். விலையிலேயே கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்த்து விற்ற சரக்கு, கப்பல் ஏறியபின் கடலில் முழுகினால் நஷ்டம் யாருக்கு என்பது கேள்வி. 'விற்றவனுக்கு' என்று எழுதினான்.

பொன்னுதுரைக்கு உடம்பு முழுக்க அரித்தது. இதே கேள்விக்கு அவருக்குப் பம்பாய் சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். பயல் விழுவான், நாற்காலி இந்தப் பக்கம் வரும். ஆனால் சும்மா இருந்தால், தமக்கு விடை தெரியும் என்பது உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாமலே போய்விடும்.

"ஏலே கூமுட்டை, சரக்கு கப்பல்ல ஏறினதுமே நஷ்டம் வாங்கினவன் தலையில. அவன் போய் இன்சூரன்ஸ்காரன்ட்ட கேட்டுக்கிடணும். அடிலே அதை."

ரோச் அடித்தான். அடுத்த கேள்விக்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். அதற்கும் சொன்னார். கேட்காததற்கும் உதாரணத்தோடு சொன்னார். முடிந்ததும், உதவி எதுவும் செய்யவில்லை என்ற வரியின் கீழ் நீட்டி முழக்கிக் கையெழுத்திட்டார்.

ரோச் மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, ஆபீஸ் முழுக்கக் கூடியிருக்க, முதலாளி கேட்டார்: "பொன்னுதுரை ஏதும் சொல்லிக் குடுத்தானாடே?"

"சே, அண்ணாச்சி அப்படிப்பட்ட ஆளா? பரீட்சை முச்சூடும் வாயே தொறக்கல."

"அவனுக்குத் தெரிஞ்சால்லா சொல்லிக் குடுக்கதுக்கு" என்று முதலாளி சிரித்தார்.

பொன்னுதுரை வாயைத் திறந்தார். தாம் போட்ட கையெழுத்து நினைவுக்கு வர, திறந்த வாயில் ஒரு வெற்றிலையை வைத்துக்கொண்டார்.