செடிக்குப் பத்தியம்

...இன்னும் கொஞ்சம் மெல்லட்டும், அவசரப்பட்டுக் கேட்கக்கூடாது, எத்தனையோ வருஷம் கழித்து மனிதர் கீரை சாப்பிடுகிறார், அவர் பாட்டுக்குச் சாப்பிடட்டும், நான் ஏன் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்... இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து இந்த வீட்டில் கீரை என்ற பேச்சே கிடையாது, அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால் இதயமே நின்றுவிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று இவர் சிரித்தார், "கீரைக்காரியைக் கட்டிக்கிட்டு கீரை திங்கக் கூடாதாம்" என்று, நானும் சிரித்தேன், அன்றோடு நானும் கீரையைத் தொடவில்லை. ஆனால் கீரைப் பண்ணைக்கு வேலைக்குப் போனால், கட்டிடத்துக்குள்ளே விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகத் தளதளவென்று அதுதானே நிற்கிறது, பார்க்கப் பார்க்க வயிறு எரியும். சன்னல் இல்லாத அந்த அறையில் செடிக்கு வெயிலும் காற்றும் சாப்பாடும் நாங்கள் வைப்பதுதான், அப்படியானால் பொட்டாசியத்தையும் தண்ணீரில் நாங்கள்தானே கலக்கிறோம், அறுவடை நெருங்கும்போது அதை மட்டும் நிறுத்தினால் என்ன... "மனுஷனுக்குத்தான் பத்தியம்னு நெனச்சேன், செடிக்குமா?" என்று மேலாளர் கேலி செய்தார், ஆனாலும் ஓர் அடுக்கை எனக்கு விட்டுக்கொடுத்தார். சீக்கிரம் நிறுத்தினால் இலையோரம் கருகிவிடுகிறது, தாமதித்தால் அளவு குறைவதில்லை, எத்தனை தட்டுகளைக் குப்பையில் கொட்டினேன், போன வாரப் பரிசோதனையில் இலையிலுள்ள பொட்டாசியம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தபோது ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், டாக்டரும் பார்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரு கைப்பிடி கொடுக்கலாம் என்றார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாருக்கும்மா. அதே ருசி."

அப்பாடா... நானும் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டேன், என் விரதமும் முடியட்டும் என்று. ஒன்றுமே இல்லை. நனைந்த காகிதம். உப்புக் குறைவினால் அல்ல, கீரையே அதில் இல்லை, பட்டினி போட்டுப் போட்டு நான்தான் எடுத்துவிட்டேன்... இவர் முகத்தைப் பார்த்தேன், ஒரு சுளிப்புக் கிடையாது, கண்கூடச் சிரிக்கிறது. இந்த முகம் எனக்குத் தெரியுமே, எங்கே பார்த்தேன்... டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் "வலிச்சுதா?" என்று கேட்பேன், "சேச்சே, ஒண்ணும் தெரியலம்மா" என்பார், இதே முகம், இதே குரல், நானும் நம்பி வண்டியில் ஏறுவேன்.

"இன்னும் கொஞ்சம் வையேன்" என்று தட்டை நீட்டினார். முழங்கைக்குக் கீழே ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை. டாக்டர் ஒரு கைப்பிடிதான் சொல்லியிருக்கிறார் என்றேன், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சட்டியை மூடினேன்.