பதிலுக்கு விட்ட இடம்

ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தியின் மரங்களுக்கும் அடுத்தவளின் மரங்களுக்கும் நடுவில் ஒரு பள்ளமோ மேடோ கிடக்கும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பாம்பும் உண்டு, காட்டுப்பன்றியும் உண்டு. அதனால் வெட்டிக்கொண்டு போகும்போதே ஒருத்தி நீட்டி ‘ஓ’ என்பாள். பக்கத்தில் இருப்பவள் ‘ஓ’ என்று பதில் கொடுப்பாள். முதலில் கூப்பிட்டவள் மறுபடியும் ஒரு தரம் ‘ஓ’ என்றால், காதில் விழுந்தது, வேலையைப் பார் என்று அர்த்தம். அந்த மூன்றாவது வராவிட்டால் மற்றவர்கள் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

ஏஞ்சலினும் ஸ்டெபானியும் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வெட்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றவர்கள். ஸ்டெபானிக்கு ஆண்டவர் குரலைத் தாராளமாகக் கொடுத்திருந்தார். கொழும்புத் துணிக்கடை ஒன்றில் வேலை கிடைத்து அவள் புறப்பட்ட காலையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பால் வடியும் சிரட்டையில் மழை விழுந்தால் பால் வீண். ஏஞ்சலின் வாளியோடு மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தாள். கீழே பஸ் ரோட்டிலிருந்து நீளமாக ஒரு ‘ஓ’ கேட்டது. யாருடைய குரல் என்று தெரியாமல் இல்லை. இந்த நிரையை முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று நினைத்தாள். முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

சில மாதங்களில் ஸ்டெபானி வீட்டாரையும் அழைத்துக்கொண்டாள். அவள் போன் நம்பரும் மாறிவிட்டது. அப்புறம் அவளைப் பற்றிய பேச்சே இல்லாமல் சில வருஷங்கள் போயின.

இந்த வருஷம்தான் ஸ்டெபானி பாடிய அல்பம் வந்தது. ‘வஹின்ன கலின்’ என்று சிங்களத்தில் பெயர். மழைக்கு முன்னால் என்று பொருள். கடைத்தெருவில் அதன் பாட்டு ஓடாத த்ரீவீல் ஆட்டோவே இல்லை. போன் கடை முக்தார் நானா எல்லாப் பாட்டையும் ஏஞ்சலினின் போனில் ஏற்றிக் கொடுத்து, உங்க தோட்டத்துப் பிள்ளையாமே என்று காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாலாவது பாட்டு மட்டும் தமிழ். அது நீண்ட ‘ஓ’ ஒன்றில் தொடங்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அதற்கப்புறம்தான் கிட்டார் வரும். கேட்கிறவர்களுக்கு அது ஒரு ஸ்டைல். ஏஞ்சலினுக்கு மட்டும், அது பதிலுக்கு விட்ட இடம் என்று தெரிந்தது. ஸ்டெபானியின் பேஸ்புக்கில் எழுதிப் போட்டாள்: அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சுடி. பதிலாக ஒரு சிவப்பு இதயம் வந்தது. கீழே எழுதியிருந்த எல்லாருக்கும் அதே இதயம்தான்.

வேலை நேரத்தில் பாட்டுக் கேட்பவர்கள் ஒரு காதை வெறுமனே விட்டுவைக்க வேண்டும். மழை வருவதும் ஆள் கூப்பிடுவதும் கேட்க வேண்டும் அல்லவா. ஒரு நாள் காலை, நாலாவது பாட்டுக்காக ஏஞ்சலின் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். ‘ஓ’ வந்தது. தன்னை அறியாமல் அவள் வாய்விட்டு ‘ஓ’ என்று பதில் கொடுத்துவிட்டாள். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் இருந்த மரியாயி, ஏஞ்சலின்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பதில் கொடுத்தாள். மூன்றாவது வரவில்லை. மரியாயி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் வேர் தடுக்கி வாளி கவிழ்ந்து பாலெல்லாம் சருகில் கொட்டியது.

“எங்கடி? பாம்பா, பன்னியா?”

“இல்லக்கா. பாட்டுல கூப்புட்டா.”

மரியாயி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். “நல்லாருக்கு. நாளைக்கு போன்ல பேங்க்காரன் கூப்புடுவான், அவனுக்கும் இங்க இருந்தே கத்து.”

அன்று பால் நிறுக்கும் இடத்தில் ஏஞ்சலின் தன் பாலில் பாதியை மரியாயியின் வாளியில் ஊற்றினாள். இருவருக்கும் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் விழுந்தது. நடந்து வரும்போது ஏஞ்சலின் அந்த மழைக் காலையைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தாள். மரியாயி வாளியைக் கை மாற்றிக்கொண்டு கேட்டபடியே நடந்தாள். வைததை வைததோடு மறந்துபோகிற மனம் சில பேருக்கு வாய்க்கிறது. அதுவும் ஒரு வரம்தான்.

ஸ்டெபானி சனிக்கிழமை பின்னேரம் இரத்தினபுரி மைதானத்தில் பாடுகிறாள் என்று முக்தார் நானா சொல்லியனுப்பியபோது, போக வழியில்லை என்றே ஏஞ்சலின் நினைத்தாள். பால் எடுத்து நிறுத்து முடித்தால் இரத்தினபுரிக்கு மாறிப் போக அவிசாவளை பஸ் கிடைக்காது.

“வெட்டிட்டுக் கெளம்பு,” என்றாள் மரியாயி. “ஒம்பாலையும் நானே எடுத்து ஒம்பேர்லயே நிறுக்கிறேன். போயி அவளுக்குப் பதில் சொல்லிட்டு வா. ஓட என்னால ஏலாது இனி.”

மைதானத்தில் நிற்க இடமில்லை. ஏஞ்சலின் கடைசியில் மாட்டிக்கொண்டாள், மேடை தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் அவள் எம்பி எம்பிப் பார்ப்பதைக் கவனித்து, மொகத நங்கி, என்ன தங்கச்சி என்று விசாரித்தாள். மகே யாளுவா, என் சிநேகிதி என்றாள் ஏஞ்சலின். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்னால் நின்றவர்களிடம் கெஞ்சி, அவளைத் தடுப்புவேலி வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

நாலாவது பாட்டு வந்தது. ஸ்டெபானி கண்ணை மூடி ‘ஓ’ என்றாள். கூட்டம் போன்களைத் தூக்கிப் பிடித்து அமைதியானது.

ஏஞ்சலின் வேலியைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் தாண்டிப் போகிற குரலில் பதில் கொடுத்தாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிட்டார்க்காரன் கம்பியில் கையை வைக்கப் போனான். ஸ்டெபானி அவனைக் கையால் நிறுத்தினாள். ஒரு காதில் மாட்டியிருந்ததை இழுத்து எடுத்தாள். கண்கள் கூட்டத்தைத் தேடின. வெளிச்சம் அவள் முகத்தில் அடித்ததில், தேடியது கிடைத்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் தலையைச் சாய்த்து, அல்பத்தில் இல்லாத ஒன்றைச் செய்தாள். மறுபடியும் ‘ஓ’ என்றாள்.

அதற்குப் பிறகு பாடியதை ஏஞ்சலின் அழுதபடிதான் கேட்டாள். முடிந்ததும் மேடைக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தாங்களும் அவள் சிநேகிதி என்று சொன்ன பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு நாலாவது பாட்டைப் போட்டாள். ‘ஓ’வுக்குப் பிறகு அந்த இடம் காலியாகவேதான் இருந்தது. இனியும் அப்படித்தான் இருக்கும். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். வெறும் காதில், பஸ் கூரைமேல் மழை விழத் தொடங்குவது கேட்டது. மரியாயி அக்கா பகலிலேயே பாலை எடுத்து முடித்திருப்பாள்.